நான் காவல் காத்த ஸ்ட்ராபெரி

என் மனைவியின் ஸ்ட்ராபெரிச் செடிகளை இனி நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. சில பொறுப்புகள் தானாக நம் தலையில் வந்து விழும். என் விஷயத்தில் தலைதான் ஓடிப் போய் அதன் கீழே நின்றது.

நான் கடிகாரம் பழுதுபார்க்கிறவன். செருப்புக் கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவே ஆறடி அகலத்தில் என் கடை. இருபத்தாறு வருஷமாக ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, எள்ளைவிடச் சின்ன திருகாணிகளோடு குடும்பம் நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் வீட்டில் ஒரு குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் தலைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடும் நர்ஸ் இல்லை. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குத் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். யார் கை கழுவினார்கள், யார் கழுவியதாகச் சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டே வார்டு வார்டாக நடப்பாள். அங்கே அவளுக்கு 'சோப்பு சிஸ்டர்' என்று பெயர். பெரிய பெரிய சர்ஜன்கள்கூட அவளைக் கண்டதும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவார்களாம்.

ஒரு தடவை சாப்பிடும்போது சொன்னாள். ஒரு பெரிய டாக்டர் தினமும் வார்டில் ஒவ்வொரு நோயாளியின் கையையும் பிடித்து நலம் விசாரிப்பாராம். ரொம்ப அன்பானவர். அவர் அன்பு போன வழியெல்லாம் தொற்றும் போயிருக்கிறது. நேரே சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்று, இவள் அவரை வார்டுக்குப் போக நேரமே தராத ஒரு கமிட்டிக்குத் தலைவர் ஆக்கிவிட்டாளாம். தொற்று நின்றது. டாக்டரும் மகிழ்ந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவ்வளவு படித்தும் அந்த டாக்டர் என்ன ஒரு வெகுளி.

செடிகள் வந்தது மனைவியின் அக்காவிடமிருந்து. ஞாயிற்றுக்கிழமை காரில் பன்னிரண்டு தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். கூடவே அவள் கணவர், என் சகலை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட கார்களைப் பார்த்து நஷ்டத்தைக் கணக்கிடுகிறவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் விரிசல்தான் அவர் கண்ணில் படும்.

"பூ விட்டாச்சு, பிஞ்சும் வந்தாச்சு. இனிமே பழுக்கறவரைக்கும் பாத்துக்கறது மட்டும்தான் உன் வேலை" என்றாள் அக்கா. "அதுவே உனக்கு அதிகம்தான். உன் வீட்ல பிளாஸ்டிக் பூவே வாடிடும். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வர்றோம். ஒரு தட்டுப் பழம் எடுத்து வை, பாக்கறேன்."

சர்ஜன்களை நடுங்க வைக்கிறவள், அக்காவின் முன்னால் எட்டு வயசுக் குழந்தை மாதிரி துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். சின்ன வயசிலிருந்து அப்படித்தானாம். அக்காவின் படம் சுவரில் மாட்டப்படும், இவள் படம் அலமாரியில் இருக்கும். அக்கா செய்த கேக் உப்பும், இவள் செய்த கேக் உட்காரும். எனக்குத் தாங்கவில்லை. அந்த ஒரு தட்டுப் பழத்தை இவள் கையால் அக்காவின் முன்னால் வைக்க வேண்டும். அதற்காகத்தான் மறுநாள் காலையில் அந்த முடிவை எடுத்தேன்.

பின்கட்டில், சுவரை ஒட்டி, ஒரு நீளப் பலகையின் மேல் தொட்டிகள் இருந்தன. முன்னால் ஆறு, பின்னால் ஆறு. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் மனைவி ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டிருந்தாள். காலை ஆறு மணி. இலையெல்லாம் பனி. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு முதல் தொட்டியின் மேல் குனிந்தேன்.

குனிந்தவன் அரை மணி நேரம் நிமிரவில்லை.

நான் எவ்வளவோ நுணுக்கத்தைப் பார்த்தவன். பெண்கள் கட்டும் சின்னக் கடிகாரத்துக்குள் எறும்பு நுழைய இடமில்லாத இடத்தில் நாற்பது உறுப்புகளைப் பொருத்தினவன். ஆனால் ஒரு ஸ்ட்ராபெரிப் பிஞ்சை அதுவரை நான் பார்த்ததே இல்லை. விதையெல்லாம் பழத்துக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு விதையும் அளவெடுத்துச் செய்த குழியில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொன்னிற முடி. எந்தப் பட்டறையில், எந்தக் கை, எந்த இடுக்கியால் இதைப் பதித்தது? ஒரு பழத்தில் எண்ணத் தொடங்கி நூற்று அறுபதில் விட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் உலகமே மிதக்கும்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஆஜர். இடது கையில் இடுக்கி, வலது கண்ணில் கண்ணாடி. எனக்கு ஒரு தொழில் முறை உண்டு. கடிகாரத்தின் பின்மூடியில் நாலு திருகாணி இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் முடுக்கக் கூடாது. ஒரு மூலை, அப்புறம் அதற்கு நேர் எதிர் மூலை. இல்லாவிட்டால் மூடி ஒரு பக்கமாகச் சாயும். இந்த முறை என் கையில் ஊறிப்போனது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாலும் அப்படித்தான், போர்வை மடித்தாலும் அப்படித்தான். செடிகளையும் அப்படியே பார்த்தேன். முன்வரிசை இடது ஓரம், பின்வரிசை வலது ஓரம். முன்வரிசை வலது ஓரம், பின்வரிசை இடது ஓரம். அப்புறம் அதே மாதிரி உள்ளே உள்ளே.

மனைவியும் தன் பங்குக்கு ஏதோ செய்துகொண்டிருந்தாள். பழம் மண்ணில் படாமல் செடிக்கடியில் வைக்கோல் பரப்பினாள். தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றினாள். காய்ந்த இலையைக் கத்தரித்தாள், ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவில் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. செடிக்கு ஆபரேஷனா நடக்கிறது?

நான்காம் நாள் ஓர் இலையின் அடியில் சிலந்திப் பேனைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு அது தூசி. கண்ணாடிக்கு அது ஒரு மகாராஜா. எட்டுக் கால், ஒவ்வொரு காலிலும் மூட்டுகள், முதுகில் இரண்டு கரும்புள்ளி, சுற்றிலும் தானே நெய்த பட்டுக் கொட்டகை. என் வாழ்நாளில் நான் தொட்ட எந்தத் திருகாணியும் அதன் முழங்கால் அளவுக்குச் சின்னதாக இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கண்ணாடி வழியே பார்த்தாள், அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். பிறகு இலையைத் திருப்பிக் குழாயைத் திறந்து, மகாராஜாவையும் கொட்டகையையும் ஒரே பீய்ச்சலில் சாக்கடைக்கு அனுப்பினாள்.

அப்புறம் நத்தைகள் வந்தன, ஓடில்லாத வகை. அதற்கு அவள் தொட்டிகளுக்கருகே ஒரு ஈரப் பலகையைக் கவிழ்த்து வைத்தாள். காலையில் புரட்டினால் அடியில் ஏழெட்டு ஒண்டிக்கொண்டிருக்கும். நான் ஒன்றைப் பலகை மேல் விட்டு நேரம் பார்த்தேன். ஒரு சாண் போக மூன்று நிமிடம் பதினெட்டு நொடி. அவசரமே இல்லை. போகிற வழிக்கு வெள்ளி முலாம் பூசிக்கொண்டே போனது. அசந்து நின்றேன். நான் அசந்து முடிப்பதற்குள் மனைவி ஸ்பூனால் எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக்கொண்டு, தெருக்கோடிப் புதரில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள்தான் உண்மையான எதிரி வந்தது.

முதல் தொட்டியில், பாதி சிவந்த ஒரு பழத்தின் கன்னத்தில் சாம்பல் நிற ரோமம். கண்ணாடியைச் செருகினேன். அது ரோமம் இல்லை, ஒரு காடு. கண்ணாடி நூல் மாதிரி ஆயிரம் மரங்கள், ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் திராட்சைக் குலை மாதிரி உருண்டைகள். ஒரு விரல் நகத்தளவு இடத்தில் அத்தனை பெரிய காடு. கைகூப்பத் தோன்றியது. இடுக்கியால் மெல்ல ஒரு மரத்தைத் தொட்டேன். காடு முழுவதும் புகை கிளம்பியது. சாம்பல் பூஞ்சை என்று அதற்குப் பெயர். அதற்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். செய்துவிட்டு அதே இடுக்கியோடு பன்னிரண்டாம் தொட்டிக்குப் போனேன்.

நாலு நாளில் பன்னிரண்டாம் தொட்டியில் பூஞ்சை. அப்புறம் ஆறு. அப்புறம் ஏழு. பிறகு இரண்டு, பதினொன்று. ரோமம் முளைத்த பழங்களை மனைவி ஒவ்வொன்றாகப் பையில் போட்டு இறுகக் கட்டினாள். ஒவ்வொரு பை கட்டும்போதும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் எட்டு வயசாகிக்கொண்டு வந்தது. அக்கா சொன்னது பலித்துவிடும் போலிருக்கிறது என்று ஒரு தடவை முணுமுணுத்தாள்.

பதினொன்றிலும் பூஞ்சை வந்த அன்று சாயங்காலம் அவள் ஒரு தாளில் பன்னிரண்டு வட்டம் போட்டு, நடுவில் அம்புக்குறிகளாக வரைந்துகொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"ஒரு அதிசயம் கவனிச்சியா?" என்றேன். "காத்துல பரவினா பக்கத்துச் செடிக்குத்தான போகணும்? இது மூலைக்கு மூலை தாவுது. பூஞ்சைக்கு இவ்வளவு மூளை கிடையாது. இது யாரோ ரொம்ப விவரம் தெரிஞ்சவன் வேலை."

"ஆமாங்க. நானும் அதான் பாக்கறேன்" என்றாள். "நீங்க தினமும் செடியைப் பாக்கறீங்கல்ல?"

"ஒரு நாள் விட்டதில்லை."

"பனி காயறதுக்கு முன்னாடியா?"

"அப்பதானே இலை பளபளன்னு இருக்கும்."

"தொட்டுப் பாப்பீங்களா?"

"தொடாம என்ன பார்வை? ஒவ்வொரு இலையையும் தூக்கி, ஒவ்வொரு பழத்தையும் திருப்பிப் பாக்கறேன்."

"எந்த வரிசையில?"

சொன்னேன். அவள் பென்சிலால் அம்புக்குறிகளின் மேலேயே மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

"பூஞ்சையும் அதே வரிசையில வருதுங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன். "எதிரி என்னை வேவு பாத்திருக்கான். என் வழியைக் கத்துக்கிட்டான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவ்வளவு பரிவு இருந்தது. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இப்போதுதான் என் அறிவை அடையாளம் கண்டுகொண்டாள் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அவள் எழுந்து போய்க் கை கழுவினாள்.

மறுநாள் நான் கடையிலிருந்து திரும்பியபோது பின்கட்டு மாறியிருந்தது. பலகையில் ஆறே தொட்டிகள். மேலே வலை. வலையின் ஓரங்களெல்லாம் முடிச்சு. வியாதி வந்த ஆறையும் மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் பால்கனிக்கு அனுப்பிவிட்டதாக மனைவி சொன்னாள். அது தனி வார்டு, அந்தப் பக்கமே போகக் கூடாது, போனால் கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இங்கே இருக்கிற ஆறும் ஆரோக்கியமானவை, நம் மானமே இந்த ஆறில்தான் இருக்கிறது. எண்ணைப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஐந்து, எட்டு, ஒன்பது, பத்து. புதுப் பிளாஸ்திரியில் பளிச்சென்று எழுதியிருந்தது.

"பூஞ்சையை நான் பாத்துக்கறேங்க" என்றாள். "இனிமே வரப்போறது பறவை. அதுக்கு உங்களை மாதிரி கண்ணு இருக்கறவங்கதான் வேணும். ஆனா ஒண்ணு. நீங்க பக்கத்துல போய்ப் போய் நின்னா, பறவைக்கு உங்க மேல பயம் விட்டுப் போயிடும். தூரத்துலேருந்து பாக்கணும். அப்பதான் ஒரு மிரட்டல் இருக்கும்."

எவ்வளவு நுட்பமான யோசனை. அடுக்களை ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தாள். கைப்பிடி வைத்தது, மெத்தை தைத்தது. பக்கத்தில் ஸ்டூலில் டீ. கையில் கொடுப்பதற்கு ஒரு பைனாகுலர்கூட எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தாள். உட்கார்ந்தேன். அரியணை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

அன்றைக்கே இன்னொரு சின்ன விஷயம். கடிகார முள்ளில் சாயம் பூச நான் வைத்திருக்கும் மிக மெல்லிய பிரஷ் ஒன்று வேண்டும் என்றாள். தையல்காரம்மாவுக்கு ஏதோ நகப்பூச்சு வேலையாம். கொடுத்தேன். தளபதிகள் பிரஷ் கணக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பைனாகுலரைத் தூக்கியவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஆறு தொட்டிகளிலும் பழம் சிவந்திருந்தது. முந்தின சாயங்காலம் இலைகளைத் தவிர ஒன்றும் தென்படவில்லை. ஒரே பொழுதில் இத்தனை சிவப்பு. மொத்தம் பதினெட்டுப் பழங்கள், ஒன்றுகூட வெளிறவில்லை, ஒன்றுகூடக் கோணவில்லை. இயற்கை மனசு வைத்தால் என்ன வேகம். மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் பார்த்து, "அடேங்கப்பா" என்றாள்.

அன்று முற்பகலில் ஒரு பறவை வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் மூக்கு. வலையின் ஓட்டைக்குள் தலையை விட்டு ஒரு பழத்தை ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. பைனாகுலர் வழியே அதை ஒரு முறை முறைத்தேன், அவ்வளவுதான். பறவை அப்படியே உறைந்தது. தலையை இரண்டு உதறு உதறியது. மூக்கைச் சுவரில் தேய்த்துக்கொண்டது. பறந்தே போய்விட்டது. சாயங்காலம் இன்னொன்று வந்து, அதுவும் ஒரே கொத்தில் அதே மாதிரி கிறுகிறுத்துப் போனது. மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே என் பார்வைக்கு இவ்வளவு வீரியம் இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. கடையில் வாடிக்கையாளர்களைக் கொஞ்சம் மென்மையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவும் வந்தாள். சகலை உள்ளே வரும்போதே வாசல் நிலையில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்துச் சொன்னார். மனைவி மாடி வரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். நான் விருந்தாளிகளை நேரே ஜன்னலுக்கு அழைத்துப் போனேன். நாற்காலியில் சகலையை உட்கார வைத்து, பைனாகுலரைக் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசினேன். பேன், நத்தை, பூஞ்சை, பறவை, எதிரியின் வியூகம், என் எதிர் வியூகம். நாலு நாளாக ஒரு புள்ளிகூட இல்லை என்றேன்.

சகலை நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று இழுத்தார். அடிபட்ட காருக்குப் புதுப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருகிறவர்களிடம் பேசும் அதே குரல்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பின்கட்டுக்குப் போனேன். அவர்களும் வந்தார்கள். முடிச்சுகளை அவிழ்த்து, வலையைத் தூக்கி, இருப்பதிலேயே பெரிய பழத்தை எடுத்தேன். கையில் கனத்தது. நல்ல சாறு போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாரும் பார்க்க வாயில் போட்டு ஒரே கடி கடித்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். சகலை அவசரமாக என் தாடையைப் பார்த்தார். பல்லுக்குத் தனியாகப் பாலிசி எடுத்திருக்கிறேனா என்று கேட்டார்.

வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கூழாங்கல். சிவப்பு நகப்பூச்சு. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் செருகினேன். மேலெல்லாம் மஞ்சள் விதைகள், ஒவ்வொன்றும் ஒரே அளவு, வரிசை பிசகாமல். இவ்வளவு மெல்லிய புள்ளி வைக்க உலகத்தில் ஒரே ஒரு பிரஷ்தான் உண்டு, அது என் பிரஷ். என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சொல்கிறேன், என்ன ஒரு கை. இருபத்தாறு வருஷத் தொழிலில் நான் அப்படி ஒரு புள்ளி வைத்ததில்லை.

அப்போதுதான் மனைவி மாடிப்படியில் இறங்கி வந்தாள். கையில் தட்டு.

நான் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அதற்குத் தேவையே இல்லை. தட்டு நிறையப் பழம். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் கோணல். இலைப்பக்கம் வெள்ளையாகத் தொடங்கி நுனிக்கு வரவர ரத்தச் சிவப்பு. வாசனை எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. தனி வார்டு என்று சொல்லித் தையல்காரம்மாவின் பால்கனியில் ஒளித்து வைத்த ஆறு தொட்டிகள். நம்பரை மாற்றி ஒட்டி, வியாதிக்காரச் செடிகளை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆரோக்கியமானவற்றை என்னிடமிருந்து காப்பாற்றியிருக்கிறாள். நலம் விசாரித்த அந்த டாக்டரும் ஞாபகத்துக்கு வந்தார். கமிட்டித் தலைவராக அவரும் இப்படித்தான் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பாவம்.

அக்கா ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதும் முடிந்த பிறகுதான் பேசினாள்.

"என் வீட்ல ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லடி."

என் மனைவி சிரித்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்தே வருஷங்கள் ஆகிவிட்டன. பல் வலித்தது, மானம் போனது, இரண்டும் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கும் ஒரு பழம் கொடுத்தாள். கையில் கொடுக்கவில்லை, நேரே வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டேன். நூற்று அறுபது விதையும் நாக்கில் தெரிந்தது.

"எப்படிடி சமாளிச்சே? எங்க வீட்ல மருந்து அடிச்சே கை ஓய்ஞ்சு போச்சு" என்று அக்கா கேட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு இருக்குக்கா. பேனுக்குக் குழாய்த் தண்ணி. நத்தைக்கு ஈரப் பலகை. பறவைக்குச் சாயம் பூசின கல்லு."

"பூஞ்சைக்கு?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுக்கு ஒரு நாற்காலி போட்டா போதும்க்கா. அது பாட்டுக்கு உக்காந்துக்கும்."

அக்கா சகலையை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள். அவர் அதற்குள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து, ஒவ்வொரு இலையாகத் தூக்கிச் சேதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அந்த நாற்காலி எந்தக் கடைல வாங்கினே?" என்றாள் அக்கா.